கண்ணுக்குப் பிரியும் கிளை

முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் என்றார்கள், திருப்பினேன், அவ்வளவுதான், இனி முடிகிறவரை இப்படியேதான். கன்னத்துக்கு அடியில் மெத்தென்று ஏதோ வைத்திருக்கிறார்கள், குளிர்ந்து கிடக்கிறது. நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டி மேசையோடு சேர்த்துவிட்டார்கள். தலைக்கு மேல் ஒரு கம்பியை வளைத்து அதன்மேல் பச்சைத் துணியைப் போர்த்தியிருக்கிறார்கள், கூடாரம் மாதிரி. கூடாரத்துக்குள் என் முகம் இருக்கிறது, என் கழுத்து வெளியே இருக்கிறது. இதைத்தான் மனசு ஏற்க மாட்டேன் என்கிறது. துணிக்கு அந்தப் பக்கம், பெரிய விளக்கு வெளிச்சத்தில், யாருடைய கழுத்தோ போல அது கிடக்கிறது, டாக்டர் கோதண்டபாணி அதைத் திறந்துகொண்டிருக்கிறார். வலி இல்லை. ஊசி போட்டு மரத்துப்போக வைத்துவிட்டார்கள். ஆனால் இழுப்பது தெரிகிறது, தள்ளுவது தெரிகிறது, சீட் கவர் மாற்றுகிறவன் பழைய உறையைப் பிடித்து இழுக்கிற மாதிரி, நான் அந்த சீட். சிரிக்க வேண்டும் போலிருந்தது. சிரிக்கக் கூடாது, அசையக் கூடாது, இருமல் வந்தால் முன்னாலேயே சொல்ல வேண்டும். இருமல் வருவது முன்னாலேயே யாருக்குத் தெரியும். இப்படி நினைத்ததுமே தொண்டைக்குள் ஒரு மயிரிழை ஊர்கிறது, இல்லை, இல்லை, அது இருமல் இல்லை, வேறு எதையாவது நினை ஜெசிந்தா.

வலப்பக்கம் கூடாரம் திறந்திருக்கிறது. அந்தத் திறப்பில் எனக்குக் கிடைத்த உலகம் இவ்வளவுதான்: சுவரில் ஒரு பிளக் பாயின்ட், உருளை வைத்த ஸ்டூல், அதில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஷமீமாவின் முழங்கால், அவருடைய செருப்பு, அது பச்சை இல்லை, நீலம். மயக்க மருந்து டாக்டர், ஆனால் எனக்கு மயக்கம் கொடுக்க மாட்டார். என்னைப் பேச வைத்துக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. என் வலது கையில் ஒரு ரப்பர் வாத்தைக் கொடுத்திருக்கிறார், குழந்தைகள் குளிக்கும்போது விளையாடுவது, அமுக்கினால் கீச்சென்று கத்தும். முதலில் பார்த்தபோது கோபம்தான் வந்தது, அறுபதைத் தாண்டியவள் கையில் வாத்தா. டாக்டர்தான் விளக்கினார். "உங்க மூளையோட இடது பக்கத்துக்கு ரத்தம் போற குழாயைக் கொஞ்ச நேரம் அடைச்சுத்தாம்மா உள்ள சுத்தம் பண்ணணும். அந்த நேரத்துல மத்த குழாய்ங்க வழியா ரத்தம் போகுதான்னு பார்க்கணும். அந்தப் பக்கம்தான் உங்க பேச்சும் வலது கையும் இருக்கு. நீங்க பேசிட்டே இருந்தா, வாத்து கத்திட்டே இருந்தா, எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்." நான் கேட்டேன், "கத்தலேன்னா?" "கத்தலேன்னா நாங்க உடனே வேற வழி பண்ணுவோம். அதுக்குத்தான் நீங்க முழிச்சிருக்கீங்க." நல்ல பெண், பொய் சொல்லவில்லை. இப்போது குனிந்து கூடாரத்துக்குள் முகத்தைக் காட்டுகிறார், முகமூடிக்கு மேலே கண் மட்டும். "ஜெசிந்தாம்மா, அமுக்குங்க." கீச். "சூப்பர்." முகம் போய்விடுகிறது. பிளக் பாயின்ட் திரும்ப வருகிறது.

அந்தப் பக்கம்தான் பேச்சு இருக்கிறது என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாததில்லை. அப்பாவைப் பார்த்தவள் நான். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் கடைசல் மெஷினில் நின்றவர், குரல் அந்த மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், வீட்டுக்கு வந்தும் அதே குரலில் சோறு கேட்பார், தெருவே கேட்கும். ஒருநாள் காலை ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னாலேயே சரிந்து உட்கார்ந்தார், வாய் கோணி, வலது கை மடங்கி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரோடுதான் திரும்பக் கொண்டுவந்தோம். பேச்சு வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது, ஒரே ஒரு வார்த்தை. சனிக்கிழமை. தண்ணி வேணுமாப்பா? சனிக்கிழமை. எங்க வலிக்குது? சனிக்கிழமை. கோபம் வந்தால் சனிக்கிழமை என்று கத்துவார், நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வாசலைப் பார்த்து மெதுவாக சனிக்கிழமை என்பார், என் கல்யாணத்தன்று தலையில் இடது கையை வைத்து அழுதபடியே சொன்னதும் அதேதான். அம்மா முதலில், "என்னங்க, இன்னிக்குப் புதனாச்சே" என்பாள். பிறகு எந்த சனிக்கிழமை என்று யோசிக்க ஆரம்பித்தாள், சனிக்கிழமையில் யாருக்காவது ஏதாவது தருவதாகச் சொல்லியிருந்தாரா, எங்கேயாவது போக நினைத்திருந்தாரா. பட்டறை ஆட்களையெல்லாம் கேட்டாள். ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னார், அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, எல்லாம் அழிந்த இடத்தில் அது மட்டும் மிஞ்சிவிட்டது என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவுக்குத் தெரியும், தப்பான வார்த்தை வருகிறது என்று. ஒவ்வொரு தடவையும் நிறுத்துவார், தலையை ஆட்டுவார், மூச்சு வாங்கி, வாயை ஜாக்கிரதையாகத் திறந்து, இந்த முறை சரியாகச் சொல்லிவிடுவேன் என்பது மாதிரி எங்களைப் பார்த்து, சனிக்கிழமை. உள்ளே முழு மனுஷன் இருந்தார். சாகிறவரை உள்ளேயேதான் இருந்தார்.

அப்படிச் சரிந்து விழுவதற்குச் சில மாதம் முன்னால் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், "ஒரு கண்ணுல துணி விழுந்தாப்ல இருக்கு, அப்புறம் சரியாயிடுது" என்று. நாங்கள் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தோம். கறுப்பு ஃபிரேம், அவர் முகத்துக்கு எடுப்பாக இருந்தது. எல்லோரும் சொன்னோம், நல்லாயிருக்குப்பா என்று.

"காலை அசைக்காதீங்கம்மா," டாக்டர் ஷமீமா. அசைக்கிறேனா? ஆமாம், வலது கால் மேசையை அழுத்துகிறது, நான் சொல்லாமலே. பழக்கம். என் சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு, ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பயப்படுவார், நான் இடப்பக்கம் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பது போல இருப்பேன், கால் மட்டும் பிரேக்குக்கு மேல் ஒரு நூல் இடைவெளியில் நிற்கும். என் வீட்டுக்காரர் அந்தோணி செத்தபோது மகன் ஜெரால்டு ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தான். அந்தோணி விட்டுப்போனது ஒரு அம்பாசிடரும் 'ரோஸ் டிரைவிங் ஸ்கூல்' போர்டும். எனக்கு லைசென்ஸ் இருந்தது. பொம்பளை சொல்லிக்கொடுத்தால் யார் வருவார்கள் என்றார்கள். பொம்பளைகள் வந்தார்கள். அப்புறம் ஆம்பளைகளும் வந்தார்கள், நான் திட்ட மாட்டேன் என்பதற்காக. திருச்சியில் பாதிப் பேர் என் காலடியில் பிரேக் இருக்கும் தைரியத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். இப்போது என் கழுத்தில் யாரோ ஓட்டுகிறார், என் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, வெறும் மெத்தை, அழுத்தினால் அமுங்குகிறது, எதுவும் நிற்க மாட்டேன் என்கிறது. மூச்சு முட்டுகிறது. துணி முகத்தில் பட்டுவிட்டதா? படவில்லை. மூக்குக்கு ஒரு ட்யூப் வழியாகக் காற்று வருகிறது, பிளாஸ்டிக் வாசனையோடு. எழுந்து உட்கார்ந்துவிட வேண்டும். எழுந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசி. கழுத்து திறந்திருக்கிறது ஜெசிந்தா. எழுந்திருக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லக்கூட இப்போது நேரம் தாண்டிவிட்டது. பாலத்தில் ஏறிய வண்டி மாதிரி, நடுவில் திருப்ப முடியாது, அந்தக் கரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

பாலத்தில்தான் முதலில் வந்தது. காவேரிப் பாலம், ஸ்ரீரங்கம் பக்கம் போகிறோம், ஓட்டியது பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண், நன்றாகத்தான் ஓட்டினாள். எனக்கு இடது கண்ணில் மேலிருந்து கறுப்பாக ஒன்று இறங்கியது. கடை ஷட்டரை இழுத்து மூடுவது போல, ஆனால் சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல். முதலில் வானம் போனது, பிறகு பாலத்தின் கைப்பிடி, பிறகு தண்ணீர். வலி இல்லை. தலை சுற்றவில்லை. அதனாலேயே நம்ப முடியவில்லை, வலிக்காமல் எதுவாவது போகுமா. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை, ராத்திரி. கையை எடுத்தேன், பகல். அந்தப் பெண் கேட்டாள், "என்ன மேடம், கண்ணுல தூசியா?" "பரவாயில்ல, நீ ரோட்டைப் பாரு." அம்மா மண்டபம் ரோட்டில் திரும்புவதற்குள் ஷட்டர் மேலே ஏறிவிட்டது, எதுவுமே நடக்காத மாதிரி எல்லாம் பளிச்சென்று இருந்தது, பூக்கடை, சைக்கிள், நாய். வெயிலில் வந்த மயக்கம் என்று வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அப்படி வைத்துக்கொள்ள முடிந்தது. அடுத்த தடவை வந்தது வீட்டில், வெங்காயம் உரிக்கும்போது, அதற்கு வெங்காயத்தைக் காரணமாக வைத்துக்கொண்டேன். அப்பாவின் துணி ஞாபகம் வரவில்லையா? வந்தது. வந்ததால்தான் வெங்காயத்தை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை ஷட்டர் முழுசாக ஏறவில்லை. இடது கண்ணின் வெளி ஓரத்தில், கீழே, ஒரு துண்டு மாட்டிக்கொண்டது. காத்திருந்தேன். கழுவினேன். தூங்கி எழுந்தேன். அது அங்கேயே இருந்தது, கறுப்புகூட இல்லை, கறுப்பென்றால் ஒரு நிறம், அந்த இடத்தில் பார்ப்பது என்பதே இல்லை.

"ஜெசிந்தாம்மா, தூங்கிட்டீங்களா?" இல்லை. கீச். வெளியே டாக்டர் கோதண்டபாணி யாரிடமோ மெல்லிய குரலில் பேசுகிறார், சிசர்ஸ் கேட்கிறார், பிறகு கல்யாணச் சாப்பாடு பற்றி ஏதோ, யாருக்கோ கல்யாணம். பேசட்டும். கை நடுங்காதவர்கள்தான் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள், நானும் அப்படித்தான், பேசிக்கொண்டே ரிவர்ஸ் எடுப்பேன். ஓரம் போனதும் நான் தனியாகப் போய்ப் பார்த்த கண் டாக்டர் அப்படி இல்லை. கண்ணில் சொட்டு விட்டு, விளக்கடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்குப் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுப்பாள் என்று இருந்தேன். எழுந்து என் பின்னால் வந்து காலரை விலக்கி ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தாள். கண் டாக்டர், கழுத்தில். மூச்சை நிறுத்தச் சொன்னாள். அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன், எதையோ கேட்டுவிட்ட முகம். "உங்க கண்ணுல கோளாறு இல்லம்மா. கழுத்துல இருக்கு." மூளைக்குப் போகும் பெரிய குழாயில் கொழுப்பு படிந்து அடைத்திருக்கிறதாம், அந்தக் குழாயிலிருந்து ஒரு சின்னக் கிளை கண்ணுக்குப் பிரிகிறதாம். படிந்ததில் ஒரு துணுக்கு உடைந்து கண்ணுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது, மஞ்சளாக மின்னுகிறது, "நான் இப்பதான் பார்த்தேன்" என்றாள். கிளைக்குள் நுழைந்தது என் அதிர்ஷ்டம். அடுத்த துணுக்கு கிளைக்குத் திரும்பாமல் நேரே மேலே போனால்? அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ரெண்டு பேரும் மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள். "இன்னிக்கே போய்ப் பார்க்கணும். நாளைக்குன்னு வைக்காதீங்க. ஆபரேஷன் பண்ணினா வாதம் வராம தடுக்கலாம்." "அந்த ஓரம்?" "அது வராதும்மா. போனது போனதுதான்." கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். மகன் வெளியே வண்டியில் இருக்கிறான் என்றேன். ஜெரால்டு அப்போது ஓசூரில் இருந்தான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறினேன், சொட்டு விட்ட கண்ணில் வெயில் குத்தியது, கழுத்தை அசைக்கவே பயம், ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் கழுத்தைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டேன், உள்ளே ஏதோ உதிர்ந்துவிடும் போல.

ஜெரால்டுக்குத் தெரிந்தது பாதிதான். கழுத்தில் சின்ன அடைப்பு, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஃபோனில் சொன்னேன். ராத்திரி பஸ் பிடித்து வந்துவிட்டான். கண் பற்றிக் கேட்டான், எப்பவாவது மங்கும், பரவாயில்ல என்றேன். ஓரம் போனதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். போர்டைக் கழற்றுவான், வண்டியை விற்பான், என்னை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போவான், அன்பாகத்தான், ரொம்ப அன்பாகத்தான். ரெண்டாவது மாடி, பின்னால் ஒரு அறை, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர், தொட்டுவிடலாம். காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போவார்கள், பத்திரம்மா, கதவைத் திறக்காதீங்க என்பார்கள். ஒருமுறை பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்த அறையில் மத்தியானம் படுத்திருந்தேன், ஃபேன் சுற்றியது, கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், ஸ்டார்ட் ஆகவே இல்லை. அந்த உதை இப்போதும் கேட்கிறது. இல்லை, இது மானிட்டர், என் நெஞ்சு. வேகமாகிறது. "என்னம்மா, பயமா இருக்கா?" என்று டாக்டர் ஷமீமா என் கையைப் பிடிக்கிறார். "பரவாயில்ல டாக்டர்." "இப்பதான் குழாயை அடைக்கிற கிளாம்ப் போடப் போறாங்க. என்கூடப் பேசிட்டே இருங்க. எதை வேணா பேசுங்க."

எதைப் பேசுவது. பேசு என்று சொன்னால் பேச்சு வருமா. வாய் காய்ந்திருக்கிறது. வார்த்தைகளையெல்லாம் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது, வெளியூர் கிளம்பும்போது வீட்டில் ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்ப்பது போல. ஜெரால்டு. பொன்மலை. உப்பு. சிக்னல். எல்லாம் இருக்கிறது. ஒரு வார்த்தைதான் மிஞ்சும் என்றால் எது மிஞ்ச வேண்டும், மகன் பேர் மிஞ்சட்டும், மாதாவே, அவன் பேர் மிஞ்சட்டும், அதை வைத்துக்கொண்டு தண்ணீராவது கேட்கலாம். "கிளாம்ப் ஆன்," என்று வெளியே டாக்டர் கோதண்டபாணியின் குரல். "டைம் பாருங்க." ஒன்றும் ஆகவில்லை. கீச். கீச். "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டேன். "தெரியாதும்மா. எங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தார், சண்டையாயிடுச்சு." "வீட்டுக்காரர்கிட்ட கத்துக்கவே கூடாது. நான் சொல்றேன், கேளுங்க. சீட்ல உட்கார்ந்ததும் முதல்ல என்ன பண்ணணும்?" "சாவி போடணும்." "அதுதான் தப்பு. முதல்ல சீட்டை இழுத்து வச்சுக்கணும், கிளட்ச் முழுசா அமுங்குதான்னு பார்க்கணும், அப்புறம் கண்ணாடி." அவர் சிரிக்கிறார், முகமூடி உப்பி உப்பி அடங்குகிறது. "அமுக்குங்கம்மா." கீச். "கிளட்ச்சை விடும்போது அவசரமே கூடாது டாக்டர், வண்டி லேசா நடுங்கும், அந்த நடுக்கம் வந்ததும் காலை அங்கேயே நிறுத்திக்கணும், பயந்துபோய் எடுத்துடக் கூடாது, அந்த நடுக்கம்தான் வண்டி பேசறது, நான் தயார்னு சொல்லுது, அப்ப மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கூடாரத்தின் பச்சை மாறியது.

மேலிருந்து. அதே மாதிரி. சத்தமில்லாமல், அவசரமில்லாமல். இடது கண்ணில் பச்சை போகிறது, கம்பியின் வளைவு போகிறது, வந்துவிட்டது டாக்டர், ஷட்டர் வந்துவிட்டது, சொல்ல வேண்டும், சொல்கிறேன். "பரவாயில்ல," என்றேன். என்ன சொன்னேன். நான் சொல்ல வந்தது அது இல்லை. டாக்டர் குனிந்துவிட்டார். "ஜெசிந்தாம்மா? உங்க பையன் பேர் என்ன?" தெரியும். முகம் தெரிகிறது, பல் வரிசை தெரிகிறது, குழந்தையில் நெற்றியில் விழுந்த தழும்பு தெரிகிறது, அவன், அவனுக்கு ஒரு, கூப்பிடுவோமே, அது. "பரவாயில்ல." "பையன் பேரும்மா?" நிறுத்தினேன். மூச்சு வாங்கினேன். வாயை ஜாக்கிரதையாகத் திறந்தேன். "பரவாயில்ல." அவர் கண் பெரிதாகிறது. "கையை அமுக்குங்க, வாத்தை அமுக்குங்க." அமுக்குகிறேன். அமுக்குகிறேனே. சத்தம் வரவில்லை. அது எங்கே, அந்த மஞ்சள், அந்த, பிடித்துக்கொண்டிருந்தது, அதைப் பிடித்திருந்த, தோளுக்கு அப்புறம் எனக்கு ஒன்றும் இல்லை. "சார், பேச்சு போகுது, கை இல்ல." வெளியே கல்யாணப் பேச்சு நின்றது. "ஷன்ட்." ஒரே ஒரு சொல், எனக்கு அதுகூட வெறும் சத்தம். பேசுகிறார்கள், எல்லோரும் பேசுகிறார்கள், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, குரல் இருக்கிறது, சொல் இல்லை. அப்பா. அப்பா, இதுவா. இதற்குள்ளேயா அவ்வளவு வருஷம் உட்கார்ந்திருந்தீர்கள். எல்லாம் இருக்கிறது, எதற்கும் கைப்பிடி இல்லை, எதைத் தொட்டாலும் அந்த ஒன்றே வருகிறது, அதைத் துப்புகிறேன், திரும்ப அதுவே வாயில் இருக்கிறது, பரவாயில்ல, பரவாயில்ல, நான் தேர்ந்தெடுத்தது இது இல்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு பிளக் பாயின்ட். அது என்ன. மூன்று ஓட்டை. ஒரு முகம் மாதிரி என்னைப் பார்க்கிறது.

பிறகு ஒரு கை என் கையைப் பிடித்திருந்தது, சூடாக, கையுறைக்குள் எலும்பு தெரிய. அது என் கை என்பது முதலில் வந்தது. பிறகு விரல். விரலுக்குள் ரப்பர். ரப்பர், அதுதான் அதன் பெயர், ரப்பர், வாத்து, ஒவ்வொன்றாக, கரண்ட் வந்ததும் தெரு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பிடிப்பது போல. பச்சை திரும்பியது. ஓரம் திரும்பவில்லை, ஆனால் பச்சை திரும்பியது. "ஃப்ளோ வந்துடுச்சு," என்றது டாக்டர் கோதண்டபாணியின் குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது, இப்போதுதான் கவனிக்கிறேன், அவருக்கும் மூச்சு உண்டு. டாக்டர் ஷமீமா குனிந்தார். "ஜெசிந்தாம்மா, ஒரு சின்னக் குழாய் வச்சிருக்கோம், அது வழியா ரத்தம் போகுது. என்னைப் பாருங்க. பையன் பேர் என்ன?" வாயைத் திறக்கப் பயம். திறந்தால் எது வரும். பல்லைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. "ஜெ," என்றேன். "ஜெ... ஜெரால்டு." "இன்னொரு தடவை." "ஜெரால்டு. ஜெரால்டு அந்தோணி. ஓசூர்ல இருக்கான். சட்டையை இஸ்திரி போட மாட்டான்." கீச் என்று வாத்து தானாகக் கத்தியது, நான் அமுக்கியிருக்கிறேன் போல. அப்புறம் நிறுத்த முடியவில்லை. பேசினேன், பொன்மலை பற்றிப் பேசினேன், அப்பாவின் கடைசல் மெஷின், பட்டறைச் சங்கு, அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு, அதில் மாங்காய் போடலாமா கூடாதா, அழுகை காதுக்குள் வழிந்தது, டாக்டர் ஷமீமா பஞ்சால் துடைத்துக்கொண்டே, "சரிம்மா, சரிம்மா, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர் கோதண்டபாணி என் குழாயைக் கீறி உள்ளே படிந்திருந்ததை உரித்தெடுத்தார். பிறகு பாத்திரத்தில் ஏதோ விழுந்தது, ஈரமாக, சின்னதாக. "இவ்வளவுதாம்மா," என்றார் அவர், முதல்முறையாக என்னிடம். காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்ற வார்த்தை இருந்தது, அதைச் சொல்ல முடிந்தது.

தையல் போட நேரமானது. துணியை விலக்கினார்கள், வெளிச்சம் கொட்டியது, கூரை இவ்வளவு உயரமா என்று இருந்தது. ஐசியூவில் கொண்டுவந்து போட்டார்கள். கழுத்தில் கட்டு, தலையைத் திருப்பக் கூடாது, மல்லாந்தபடியே இருக்க வேண்டும், நர்ஸ் அடிக்கடி வந்து கையைத் தூக்குங்க, சிரிங்க, நாக்கை நீட்டுங்க என்றாள், தூக்கினேன், சிரித்தேன், நீட்டினேன். கூரையில் ஒரு டியூப் லைட். ஜன்னல் பக்கம் திரை, அதற்கு அப்பால் மத்தியானமா சாயங்காலமா தெரியவில்லை. கூடாரம் போய்விட்டது, ஆனால் அதற்குள்ளேயே இருப்பது போலத்தான் இருந்தது, கண்ணுக்கு நேரே இருப்பது மட்டும் உலகம், மற்றதெல்லாம் சத்தம். எங்கேயோ கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். மெல்ல வந்து பக்கத்தில் ஸ்டூலில் யாரோ உட்கார்ந்தார்கள், ஸ்டூல் முனகியது. பஸ் வாசனையும் ஆஸ்பத்திரி கேன்டீன் காபி வாசனையும் கலந்து வந்தது. "அம்மா." ஜெரால்டு. குரல் உடைந்திருக்கிறது, வெளியே ரொம்ப நேரம் அழாமல் உட்கார்ந்திருந்த குரல். "வலிக்குதாம்மா?"

இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறான். தாழ்வான ஸ்டூல். அவன் மூச்சு விடுவது கேட்கிறது, கட்டிலின் கம்பியை அவன் பிடித்ததும் அது அசைவது தெரிகிறது, அவன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணை எவ்வளவு உருட்டினாலும் கிடைப்பது திரையின் ஒரு மடிப்புதான். தலையைத் திருப்பினால் முகம் கிடைக்கும், திருப்பக் கூடாது. கூரையைப் பார்த்தபடியே பதில் சொல்லலாம். அம்மா களைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். கையை நீட்டினால் பிடித்துக்கொள்வான், அதோடு போகும், தையல் பிரித்ததும் வீட்டுக்குப் போகலாம், அடுத்த வாரம் போர்டைத் துடைக்கலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. என் வலப்பக்கம் ஒரு புது ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் இந்த ஸ்டூல் இருக்கும் ஓரத்தில் ஒரு சைக்கிள் வருவதாகவும் இருந்தால். அந்த சைக்கிளில் ஒரு குழந்தை இருந்தால். இதை நான் இத்தனை நாளும் நினைக்காமல் இருந்தேன் என்றால், நினைக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருப்பேன். நாக்கு வாய்க்குள் நல்லபடியாக இருந்தது. சொல்ல வேண்டிய எல்லா வார்த்தையும் வரிசையாக நின்றது, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். "ஜெரால்டு," என்றேன். "நீ அங்க உட்கார்ந்தா எனக்குத் தெரியலடா. இடது கண்ணுல வெளி ஓரம் போயிடுச்சு. அது இனிமே வராதாம்."

கம்பியிலிருந்து அவன் கை விலகியது, கட்டில் லேசாக அசைந்தது.

"இந்தப் பக்கம் வா."

ஸ்டூல் தரையில் உரசியது. அவன் அதைக் கையில் தூக்கிக்கொண்டான் போல, கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி வெறுங்காலில் வரும் சத்தம். பிறகு வந்தான், கால்மாட்டுக்கு நேரே முதலில் தலைமுடி, பிறகு முழுசாக, சவரம் பண்ணாத முகம், கசங்கின சட்டை, பட்டனை மாற்றிப் போட்டிருக்கிறான். வலப்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்காராமலேயே நின்றான்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டான்.

"சொல்றேன்," என்றேன். "உட்காரு."